மச்சான் கேலியும் பங்காளிக் காய்ச்சலும்: கால்பந்தில் வென்றவர் மீதான வெறுப்பு குறித்து

1. ஒரு சனிக்கிழமை மாலை

2019 மார்ச் 9. கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபோடு ஆடியது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. இந்தியாவின் ஐ-லீக் கால்பந்துப் பட்டம் சென்னை சிட்டிக்கா ஈஸ்ட் பெங்காலுக்கா என்பது அன்று மாலை தெரிந்துவிடும். அன்று காலைவரை சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. பின்பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தற்காப்பு வரிசையில் ஆடும் கௌரவ் போரா இரண்டு கோல்கள் போட, ஆட்டம் 3-1 என முடிந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கி, மீண்டு, 2-1 என வென்றது. இறுதிக் கணக்கு 43, 42. ஒரு புள்ளி வித்தியாசத்தில் தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று முதன்முறையாக ஐ-லீக் வென்றது.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு நடந்தவையே இக்கட்டுரையின் பொருள். கொல்கத்தாவில் கசப்பு பொங்கியது. பெனால்டி கொடுத்தது சரியா, மினர்வா உண்மையிலேயே முழுமூச்சோடு ஆடியதா என்ற கேள்விகள் எழுந்தன. ஐயம் ஆட்ட ஆணையரின் அறிக்கை வரைக்கும் போனதாகச் செய்திகள் வந்தன. மினர்வா தரப்பு அதைக் கடுமையாக மறுத்தது. புள்ளிப் பட்டியல் மாறவில்லை. கோவையிலோ கொண்டாட்டம் இருந்தது, பாராட்டு இருந்தது, பிறகு அமைதி. ஈரோட்டிலிருந்து கோவை நூறு கிலோமீட்டர்தான். ஆனால் மறுநாள் இங்கே டீக்கடைகளில் அந்த வெற்றியை வைத்து யாரும் யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை.

வென்ற அணியை ஏன் வெறுக்கிறார்கள் என்பது பழைய கேள்வி. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: ஓர் அணி வென்ற பிறகும் சொந்த மண்ணில் அதை வெறுக்க ஓர் ஆள்கூட இல்லாமல் போவது எதைக் காட்டுகிறது?

2. கைவசமுள்ள விளக்கங்கள்

முதல் விளக்கம் ஒழுக்கம் சார்ந்தது. தோற்றவன் கை குலுக்க வேண்டும், வென்றவன் அடங்கியிருக்க வேண்டும், பார்வையாளர் நல்ல ஆட்டத்துக்குக் கை தட்ட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பள்ளிகள் வளர்த்த இந்த நெறி நம் பள்ளி விளையாட்டு விழா உரைகளில் இன்றும் மாறாமல் ஒலிக்கிறது. ஆட்ட விதிகளிலும் அதன் தடம் உண்டு. கோல் போட்ட பின் எதிரணியையோ கூட்டத்தையோ ஏளனமாகச் சீண்டினால் மஞ்சள் அட்டை காட்ட விதி 12 இடமளிக்கிறது. சட்டையைக் கழற்றினாலும் அதே தண்டனை. ஆனால் இந்த நெறி, வெறுப்பை ஒரு குறைபாடாக மட்டுமே பார்க்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை.

இரண்டாவது விளக்கம் உளவியல் சார்ந்தது. ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் வென்ற வார இறுதிக்குப் பின் வரும் திங்கட்கிழமைகளில் மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் தாங்கிய உடைகளை அதிகம் அணிந்து வந்தார்கள். வெற்றியைப் பற்றிப் பேசும்போது தன்மைப் பன்மையையும், தோல்வியைப் பற்றிப் பேசும்போது படர்க்கையையும் நாடினார்கள். மறுபக்கத்தை 2003-இல் காலின் லீச் முதலியோர் ஆராய்ந்தனர். 1998 உலகக் கோப்பையில் ஜெர்மனி குரோஷியாவிடம் தோற்றபோது நெதர்லாந்து மாணவர்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை அவர்கள் அளந்தார்கள். கால்பந்தில் நாட்டம் மிகுந்தவர்களிடமும், தம் அணி தாழ்ந்தது என்ற எண்ணம் தைத்தவர்களிடமும் அந்த மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது.

சியால்டினியின் ஆய்வை ஒரு தமிழர் நடத்தியிருந்தால் இன்னும் ஒரு படி ஆழமாகப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆங்கிலத்துக்குத் தன்மைப் பன்மை ஒன்றே. நமக்கு ‘நாம்’ உண்டு, ‘நாங்கள்’ உண்டு. “நாம ஜெயிச்சுட்டோம்” என்பது பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்துக்கொள்ளும் சொல். “நாங்க ஜெயிச்சுட்டோம்” என்பது எதிரே நிற்பவனை வெளியே தள்ளிவிட்டுச் சொல்வது. முன்னது மகிழ்ச்சி, பின்னது சீண்டல். வெற்றி மொத்தமும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே நடமாடுகிறது. ‘நாங்க’ என்று சொல்ல எதிரே ஒருவன் வேண்டும் என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்வோம்.

உளவியல், வெறுப்பின் அளவைச் சொல்கிறது. யார் யாரை எள்ளலாம், யார் எள்ளினால் பொறுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை அது சொல்வதில்லை. அந்த வரம்பு உறவுமுறை சார்ந்தது.

3. எள்ளலின் இலக்கணம்

எள்ளலை இழிவாகவே கருதிய மரபு நம்முடையது அன்று. நகை என்ற மெய்ப்பாடு பிறக்கத் தொல்காப்பியர் நான்கு காரணங்கள் சொல்கிறார்; அவற்றுள் முதலாவது எள்ளல். புறத்திணை மறவன் பகைவர் முன் நின்று தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பதற்கு நெடுமொழி என்று ஒரு துறையே உண்டு. இன்றைய ஸ்ட்ரைக்கர் கோல் போட்டுவிட்டு எதிரணிக் கூட்டத்தின் முன் மார்தட்டி நிற்பதைப் பழைய உரையாசிரியர் பார்த்தால் துறை இன்னதென்று உடனே சொல்லியிருப்பார்.

கூடவே ஒரு கட்டுப்பாடும் இருந்தது. புறமுதுகிட்டு ஓடுபவர் மேல் படைக்கலம் ஓச்சாமையைப் புறப்பொருள் வெண்பாமாலை தழிஞ்சி என்ற துறையாக வகுக்கிறது. அதே துறைக்குத் தொல்காப்பியம் தரும் பொருள் வேறு: போரில் புண்பட்ட தன் வீரர்களைத் தலைவன் சென்று தழுவிக்கொள்வது. விளையாட்டுப் பண்பு என்ற இறக்குமதிச் சரக்குக்கு நம்மிடம் இருந்த சொல் இது என்று சொன்னால் மிகையாகாது. பரணியின் பெயரிடும் முறையும் எண்ணத்தக்கது. வென்றவனைப் பாடும் நூலுக்குத் தோற்றவர் பெயரையே வைப்பார்கள். கலிங்கத்துப்பரணியின் பாட்டுடைத் தலைவன் சோழன். நூலின் பெயரிலோ கலிங்கம். தோற்றவர் பெயர் சொல்லாமல் வெற்றியைச் சொல்ல முடியாது என்பதை அந்த மரபு உணர்ந்திருந்தது.

கொங்கு நாட்டில் இந்த எள்ளலுக்குத் தனி மணம் உண்டு. கோயமுத்தூர்க் குசும்பு என்பது தமிழகம் முழுக்கத் தெரிந்த தொடர். கவுண்டமணி, சத்யராஜ், மணிவண்ணன் மூவரும் இந்த மண்ணிலிருந்து சென்றவர்கள் என்பது தற்செயல் அன்று. மரியாதைக்குரிய ‘ங்க’ விகுதியைப் போட்டுக்கொண்டே எதிராளியைத் தரைமட்டமாக்கும் கலை அது. ஆனால் இந்தக் குசும்பு எல்லாரிடமும் செல்லாது. மாமனிடம் செல்லும், மச்சானிடம் செல்லும், கொழுந்தியாளிடம் செல்லும். பங்காளியிடம் செல்லாது. அண்ணன் தம்பி மக்களிடையே கேலி குறைவு. அங்கே வரப்புத் தகராறும் கிணற்றுப் பங்கும்தான் பேச்சு. ஒருவன் மெத்தை வீடு கட்டினால் அடுத்தவனுக்கு வருவதைத்தான் பங்காளிக் காய்ச்சல் என்கிறோம்.

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் கேலி உறவுகளைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கே துணைக்கு வருகிறது. மண உறவால் இணைந்த இரு குடும்பங்களுக்கிடையே நெருக்கமும் உண்டு, முரணும் உண்டு. அந்த முரண் சண்டையாக வெடிக்காமல் இருக்க, ஒருவரையொருவர் கேலி செய்யவும் அதைப் பொறுத்துக்கொள்ளவும் சமூகமே அனுமதி கொடுக்கிறது என்பது அவர் வாதம். அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டவை ஆப்பிரிக்கச் சான்றுகள். நம் கல்யாண வீடுகளில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தாலே அது விளங்கிவிடும்.

கொல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர்களிடையே நூறாண்டுகளாக நடப்பது பெரும்பாலும் மச்சான் கேலிதான். ஒரு பக்கம் மேற்கு வங்கப் பூர்வகுடிகளான கோட்டிகள். மறு பக்கம் கிழக்கிலிருந்து வந்த பாங்கால்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று சமையலறை வரைக்கும் போட்டி போகிறது. தோற்றவன் வீட்டுக்கு எதிரே வென்றவன் மீன் வறுப்பதைவிடக் கூர்மையான எள்ளல் கிடையாது. கரூர் மாவட்டம் பூலாம்வலசில் பொங்கலை ஒட்டி நடக்கும் சேவற்கட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். அது வென்றவனுக்குச் சேரும். அன்றிரவு அவன் வீட்டில் குழம்பாகும். கோச்சைக் கறியின் ருசி மசாலாவில் இல்லை என்பது தின்றவர்களுக்குத் தெரியும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு உண்டு. அதை ஒதுக்க முடியாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இதே இரு அணிகள் மோதிய ஆட்டத்தில் கலவரம் மூண்டு 16 பேர் இறந்தார்கள். மச்சான் கேலி என்று செல்லப் பெயர் வைத்துவிட்டால் அந்தப் பதினாறு உயிர்களுக்கு என்ன பதில்? கொல்கத்தா வரை போக வேண்டியதுமில்லை. நம் கிராமக் கபடிப் போட்டிகளில் கோப்பை யாருக்கு என்பதைவிட, அந்தக் கோப்பையோடு மேளம் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதே பிரச்சினையாகும் ஊர்கள் உண்டு. ஊர்த்தெரு அணியைக் காலனி அணி வென்றுவிட்டு ஊர்வலம் போனால் அதைக் குசும்பு என்று ரசிக்க யாரும் இருப்பதில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு இல்லாத இடத்தில் மச்சான் கேலிக்கு இடமில்லை. கேலி உறவு சமமானவர்களுக்கிடையே மட்டுமே கேலியாக இருக்கிறது. சமமில்லாத இடத்தில் அதே சொல் அவமானம், அதே மேளம் ஆக்கிரமிப்பு. எனவே எள்ளலைத் தடைசெய்வதா அனுமதிப்பதா என்பது தவறான கேள்வி. எள்ளுபவனும் எள்ளப்படுபவனும் அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ள முடியுமா என்பதே உரைகல்.

4. பட்டம் என்ற பங்கு

லீக்கில் ஆடும் கிளப்புகள் ஒரே நேரத்தில் மச்சான்களாகவும் பங்காளிகளாகவும் இருக்கின்றன. ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு ஆட்டமே இல்லை என்ற அளவில் மச்சான்கள். பிரிக்க முடியாத ஒரே ஒரு பட்டத்துக்கு உரிமை கோருபவர்கள் என்ற அளவில் பங்காளிகள். வாராந்திர ஆட்டத்தில் கேலி மேலோங்குகிறது. பருவத்தின் முடிவில் காய்ச்சல் ஏறுகிறது. வென்ற அணி மீதான வெறுப்பை இந்தக் காய்ச்சலாகவே நான் வாசிக்கிறேன்.

2019-க்குத் திரும்புவோம். ஈஸ்ட் பெங்கால் 1920-இல் பிறந்த கிளப். அது தேசிய லீக்கைக் கடைசியாக வென்றது 2003-04-இல். ஐ-லீக் என்று பெயர் மாறிய பிறகு ஒருமுறைகூட இல்லை. நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் 2016-17-இல் ஐஸால், 2017-18-இல் மினர்வா பஞ்சாப், 2018-19-இல் சென்னை சிட்டி என்று, முன்பு பட்டமே வென்றிராத அணிகள் வரிசையாக வந்து கோப்பையைத் தூக்கின. இத்தனைக்கும் அந்தப் பருவத்தில் சென்னை சிட்டியோடு ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது ஈஸ்ட் பெங்கால்தான். களத்தில் கணக்கு தெளிவாக இருந்தது. அதனால்தான் கோபம் களத்தை விட்டு வெளியேறி, உரிமையைக் கேள்வி கேட்டது: இவர்கள் யார், இவர்களுக்கு எப்படிப் பங்கு?

சிறிய அணி வென்றால் உலகம் கொண்டாடும் என்பார்கள். ஐஸாலைக் கொண்டாடியது உண்மை. அதுவும் ஒரே புள்ளி வித்தியாசத்தில், 37-க்கு 36 என்று மோகன் பகானைத் தாண்டித்தான் வென்றது. ஆனால் ஐஸாலின் பின்னே ஒரு மலையும் ஒரு மக்கள் கூட்டமும் நிற்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. சென்னை சிட்டியின் பின்னே தெரிந்தது வேறு. ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள், சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், 26 சதவீதப் பங்கு வாங்கிய சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப். பங்காளி என்ற சொல்லுக்கு இதைவிட நேரடிப் பொருள் கிடையாது. ஜெர்மனியில் 2009-இல் ஒரு பான நிறுவனம் தொடங்கிய லைப்சிக் அணி மீது பழைய கிளப்புகளின் ஆதரவாளர்கள் கொண்ட வெறுப்பும் இந்த வகையே. 2016-இல் டிரெஸ்டன் அணியின் ரசிகர் கூட்டத்திலிருந்து வெட்டிய காளைத் தலை ஒன்று மைதானத்தருகே வந்து விழுந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சென்னை சிட்டிக்கு அநியாயம். அதன் பட்ஜெட்டும் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பட்ஜெட்டும் ஒன்றல்ல. அதே அணியில் எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் ஆடினார்கள் என்பதும் காய்ச்சல் கண்ட கண்ணுக்குத் தெரியவில்லை.

வென்றவர் தரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு. 2015 டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதி ஆட்டத்தில், சென்னை சிட்டி அல்லாத இன்னொரு சென்னை அணியான சென்னையின் எஃப்சி 87-ஆம் நிமிடம் முடிந்தபோது 1-2 எனப் பின்தங்கியிருந்தது. கடைசி நிமிடங்களில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டு ஒரு கோல், மெண்டோசா போட்ட ஒரு கோல், ஆட்டம் 3-2. கொண்டாட்டத்தின்போது சென்னை அணித்தலைவர் எலானோ தம்மைத் தாக்கியதாக கோவா அணியின் உரிமையாளர்களுள் ஒருவர் புகார் கொடுக்க, கோப்பை வென்ற தலைவர் அன்றிரவு காவல் நிலையம் போக நேர்ந்தது. புகார் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. பரிசளிப்பைப் புறக்கணித்ததற்காகவும் அதை ஒட்டிய செயல்களுக்காகவும் கோவா அணிக்கு விதித்த அபராதம் 11 கோடி ரூபாய். மேல்முறையீட்டில் அது குறைந்தது. தோற்றவர் மேடையேற மறுத்ததற்கு இவ்வளவு பெரிய விலை வைத்த அமைப்பு, வென்றவர் எப்படிக் கொண்டாட வேண்டும் என்பதைப் பற்றிச் சொன்னது சொற்பம்.

சட்டத்துக்கும் முறைமைக்கும் இடையிலான பிளவை 2023 மார்ச் 3 அன்று நடந்த ஐஎஸ்எல் ஆட்டம் இன்னும் தெளிவாகக் காட்டியது. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் தற்காப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை கோலாக்கினார். நடுவர் கிரிஸ்டல் ஜான் அதை ஏற்றார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் அணியை வெளியே அழைத்துக்கொண்டு போனார். பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம். பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. விரைவாக ஃப்ரீ கிக் எடுப்பது விதிப்படி சரி. ஆனால் நாட்டுக்காக அதிக கோல் போட்டவர், கொச்சியில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடப்பட்டவர், அந்த இரவோடு அங்கே வில்லனானார். என் தீர்ப்பு சேத்ரியின் பக்கம்தான்: தயாராகாத சுவர் சுவரே அல்ல. ஆனாலும் தழிஞ்சியை நினைத்துக்கொள்ளும், மஞ்சப்படை என்ற கூட்டத்தைச் சேர்ந்த பிளாஸ்டர்ஸ் ரசிகனை அறிவிலி என்று தள்ள என்னால் முடியாது.

5. யாருமே வெறுக்காத சாம்பியன்

இனி கோவைக்கு. நேத்தாஜி என்ற பெயரில் 1946-இல் சென்னையில் தோன்றிய கிளப், மைதானம் அமையாமல் மேற்கே வந்தது. வந்த பிறகும் மார்பில் ‘சென்னை’ என்ற பெயரையே தாங்கியது. எல்லாம் சென்னைக்கே போகிறது என்று தலைமுறைகளாகக் குறைப்பட்டுக்கொள்ளும் வட்டாரத்தில், இது எவ்வளவு பெரிய பிழை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. “ஆட்டம் நல்லாத்தானுங்க இருக்குது, பேருதான் நம்மூர்ப் பேரா இல்லீங்க” என்று நண்பர் ஒருவர் அப்போது சொன்னார். அவர் ‘நாம’ என்று சொல்லவில்லை, ‘அவங்க’ என்றார். மான்சி 21 கோல்கள் போட்ட பருவம் அது.

அண்டையில் போட்டி அணியும் இல்லை. சேலத்திலோ திருப்பூரிலோ மதுரையிலோ அதே லீக்கில் ஓர் அணி இருந்திருந்தால் ‘நாங்க’ என்று சொல்ல வாய்த்திருக்கும். உலகக் கோப்பைக் காலங்களில் திருப்பூரில் எத்தனையோ நாடுகளின் ஜெர்சிகள் தைத்து முடித்துப் பெட்டியில் ஏறுகின்றன. எந்த நாட்டு ரசிகன் எந்த நாட்டு ரசிகனை எள்ளுகிறான் என்பது தைப்பவருக்குத் தெரியும். அந்த எள்ளலில் சேர ஒரு சொந்தச் சட்டை மட்டும் இந்த வட்டாரத்துக்கு வாய்க்கவில்லை. சென்னை சிட்டிக்குக் கோவையில் மச்சானும் இல்லை, பங்காளியும் இல்லை. ஒரு நல்ல விருந்தாளியாக வந்தது, ஒரு விருந்தாளிக்குரிய மரியாதையைப் பெற்றது.

வெறுப்பும் ஒரு சொத்து என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளில் புலப்பட்டது. 2019-20 பருவத்திலிருந்து நாட்டின் முதல்நிலை லீக் என்ற தகுதி ஐஎஸ்எல்லுக்குப் போனது. நடப்புச் சாம்பியனான சென்னை சிட்டிக்கு அதில் கதவு திறக்கவில்லை. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 எனத் தோற்று வெளியேறியது. அதே 2020-இல், ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்த ஈஸ்ட் பெங்கால் ஒரு சிமெண்ட் நிறுவனத்தின் முதலீட்டோடு ஐஎஸ்எல்லுக்குள் நுழைந்தது. மோகன் பகானும் ஐஎஸ்எல் அணியான ஏடிகேயோடு இணைந்து நுழைந்தது. களத்தில் வென்ற உரிமை செல்லவில்லை. கத்தவும் கரிக்கவும் லட்சம் பேர் இருக்கிறார்கள் என்ற உரிமை செல்லுபடியானது. ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர்களின் கசப்பை ஒழுக்கக்கேடு என்று முகம் சுளித்தவர்கள், அந்தக் கசப்புதான் அந்தக் கிளப்பைக் காப்பாற்றியது என்பதைக் கவனிக்க மறந்தார்கள்.

2021-22 ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டி என்ற பெயர் இல்லை. கோவையில் அதற்காக யாரும் ஊர்வலம் போகவில்லை. கொல்கத்தாவில் யாரும் மீன் வறுக்கவும் இல்லை.